சோஃபாவின் வயிற்றுக்குள்ளே: புகழ்பெற்ற வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோஃபா என்றதும் பேச்சு நிறத்துக்கும் துணிக்கும் போய்விடுகிறது. ஆனால் கடந்த 200 ஆண்டுகளில் சோஃபாவின் உருவத்தை மாற்றியதில் பெரும்பங்கு துணிக்கு இல்லை, உள்ளே அடைத்த சரக்குக்குத்தான். குதிரைமுடியோடு ஸ்பிரிங் சேர்ந்தது, பிறகு ரப்பர் நுரை வந்தது, அப்புறம் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த ஃபோம் வந்தது. ஒவ்வொரு முறையும் வெளித்தோற்றம் மாறியது. அதில் உட்காருகிறவரின் தோரணையும் மாறியது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இந்த விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

சோஃபா, கவுச், திவான் எல்லாம் ஒன்றுதானா?

இன்றைய பேச்சில் ஒன்றுதான். பிறந்த இடம்தான் வேறு. 'சோஃபா' அரபுச் சொல்லான 'சுஃப்பா'விலிருந்து வந்தது. தரையைவிடச் சற்று உயர்ந்த மேடை என்று பொருள். நம் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 'கவுச்' பிரெஞ்சு மொழியில் படுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. 'திவான்' பாரசீகத்திலிருந்து வந்தது. முதலில் கணக்கு ஏடுகளையும் அரசவையையும் குறித்து, கடைசியில் அந்த அவையில் சுவரோரம் போட்டிருந்த மெத்தை இருக்கைக்கே பெயராகிவிட்டது. ஆக ஒன்று திண்ணை, ஒன்று படுக்கை, ஒன்று அலுவலகம். இன்று மூன்று வேலையையும் ஒரே சோஃபாவில்தான் செய்கிறோம்.

செஸ்டர்ஃபீல்ட் சோஃபாவை ஒரு பிரபு செய்யச் சொன்னார் என்கிறார்களே, உண்மையா?

18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நான்காவது செஸ்டர்ஃபீல்ட் பிரபு ஃபிலிப் ஸ்டான்ஹோப், உடை கசங்காமல் நிமிர்ந்து உட்கார ஓர் இருக்கை கேட்டார் என்பது கதை. அழகான கதைதான், ஆதாரம்தான் இல்லை. அவர் 1773-லேயே இறந்துவிட்டார். நாம் இன்று செஸ்டர்ஃபீல்ட் என்று அடையாளம் காணும் உருவம், அதாவது முதுகும் கைகளும் ஒரே உயரத்தில் சுருண்டு, உடம்பெல்லாம் பொத்தான் குழிகளோடு இருப்பது, 19-ஆம் நூற்றாண்டின் கைவேலை.

அந்தப் பொத்தான்களைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அன்றைக்கு உள்ளே அடைத்தது குதிரைமுடி. உட்கார உட்கார அது நகர்ந்து ஓரிடத்தில் திரண்டுவிடும், இன்னோர் இடம் வெறுமையாகிவிடும். நூலை உள்வரை இழுத்துப் பொத்தானால் கட்டினால் சரக்கு சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு நகராமல் நிற்கும். 1828-ல் இங்கிலாந்தில் சாமுவேல் பிராட் என்பவர் இருக்கைகளுக்கான சுருள் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பிரிங் வந்ததும் அதை மூட இன்னும் கனமான அடைப்பு வேண்டியிருந்தது, சோஃபா ஊதிப் பருத்தது, பொத்தான் குழிகளும் ஆழமாயின. விக்டோரியா காலத்து சோஃபாக்கள் அப்படிப் புடைத்துக்கொண்டு நிற்பதற்கு ரசனை பாதிக் காரணம், ஸ்பிரிங் மீதிக் காரணம்.

இன்று ஃபோம் வைத்த சோஃபாவிலும் பொத்தான் தைக்கிறார்கள். வேலை போய்விட்டது, அடையாளம் மட்டும் தங்கிவிட்டது.

'நவீன' சோஃபா என்று எதைச் சொல்வது? எந்த ஆண்டிலிருந்து?

ஒரே ஆண்டைச் சுட்டச் சொன்னால் நான் 1928-ஐச் சொல்வேன். கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே, அவரோடு பணிபுரிந்த பியர் ஜானெரே, ஷார்லோத் பெரியாண் மூவரும் சேர்ந்து 'கிராண்ட் கான்ஃபோர்' இருக்கையை வடிவமைத்த ஆண்டு அது. அதுவரை மரச்சட்டம் உள்ளே ஒளிந்திருக்கும், அதன்மேல் மெத்தையைத் தைத்து மூடுவார்கள். இவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். வளைத்த இரும்புக் குழாய்ச் சட்டம் வெளியே வந்தது, தனித்தனிக் குஷன்கள் கூடைக்குள் வைத்ததுபோல் அதற்குள் இறங்கின. தையல் இல்லை, ஆணி இல்லை. குஷனை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு கம்பிப் பெட்டி.

இதில் பெரியாணின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1927-ல் வேலை கேட்டுப் போனவரை, "இங்கே குஷனுக்குப் பூ வேலை செய்வதில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் லெ கொர்பூசியே. அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சி ஒன்றில் பெரியாண் உலோகமும் கண்ணாடியுமாக அமைத்திருந்த மதுக்கூடத்தைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். மறு வருடமே அந்தப் பெண்ணின் உழைப்பில் உருவானது 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான குஷன்கள். நீண்ட காலம் அந்த இருக்கைகள் லெ கொர்பூசியே பெயரில் மட்டுமே அறியப்பட்டன என்பது வேறு கதை.

ஒன்றைக் கவனியுங்கள்: 1929-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது அது சாதாரண வீடுகளுக்குள் போகவில்லை. இத்தாலியின் கசினா நிறுவனம் 1965-ல் உற்பத்தி தொடங்கிய பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. நவீன வடிவம் பிறந்ததற்கும் நவீன வீட்டுக்குள் வந்து சேர்ந்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது.

ஃபோம் வந்ததால் அப்படி என்ன மாறிவிட்டது?

எல்லாமே. ஸ்பிரிங்கும் குதிரைமுடியும் வைத்த இருக்கைக்கு ஆழம் வேண்டும், அடியில் பெட்டி வேண்டும், கட்டித் தைக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். நுரைக்கு இதெல்லாம் தேவையில்லை, வெட்டினால் வெட்டின வடிவத்தில் நிற்கும். முதலில் வந்தது ரப்பர் பாலிலிருந்து செய்த நுரை. பிரிட்டனில் டன்லப் நிறுவனத்தார் 1929-ல் அதை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் டயர் நிறுவனமான பிரெல்லி தன் ரப்பர் நுரையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்தது. அப்படிப் பிறந்ததுதான் ஆர்ஃப்ளெக்ஸ் நிறுவனம். அதற்காக மார்கோ ஸனூசோ 1951-ல் கொண்டுவந்த 'லேடி' நாற்காலி தனித்தனியாகச் செய்து பொருத்திய பாகங்களால் ஆனது. கார் செய்கிற மாதிரி நாற்காலி செய்யலாம் என்று காட்டியது அது.

இன்னொரு பக்கம், ஜெர்மனியில் ஓட்டோ பையர் 1937-லேயே பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்திருந்தார். அது வளைந்து கொடுக்கும் மலிவான நுரையாகச் சந்தைக்கு வந்தது 1950-களில். அதன்பின் சோஃபா ஒல்லியாகத் தொடங்கியது. மெத்தை கத்தியால் அரிந்ததுபோல் நேர்கோட்டில் நின்றது, அடியில் பெட்டி போய் மெல்லிய கால்கள் தெரிந்தன, தரை தெரிந்தது. சிறிய அறையும் பெரிதாகத் தெரிந்தது.

மிட் செஞ்சுரி (20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணி) என்கிறார்களே, அதில் முக்கியமான சோஃபா எது?

ஃப்ளாரன்ஸ் நோலின் 1954 சோஃபாதான் என் தேர்வு. அவர் கட்டடக்கலை படித்தவர், புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோவிடம் பயின்றவர். அலுவலகங்களை உள்ளே வடிவமைக்கும்போது பேர்பெற்ற நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக நிற்க ஒரு சோஃபா தேவைப்பட்டது. கிடைக்காததால் தானே வரைந்தார். மெல்லிய உலோகக் கால், கட்டம் கட்டமாகத் தைத்த மெத்தை, அவ்வளவுதான். தான் செய்தவை இடத்தை நிரப்பும் சாதாரண உருப்படிகள் என்றுதான் அவரே கருதினார். அந்த அடக்கம்தான் அதைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. 70 வருடங்கள் ஆகியும் அது எந்த அறையிலும் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

அதற்கு நேர் எதிர் 1956-ல் வந்த மார்ஷ்மெல்லோ சோஃபா: இரும்புச் சட்டத்தின்மேல் 18 வட்டக் குஷன்கள். ஜார்ஜ் நெல்சன் பெயரில் வெளிவந்தாலும் வரைந்தவர் அவர் அலுவலகத்தில் இருந்த இர்விங் ஹார்ப்பர். வட்ட நுரைகளை மலிவாக அச்சில் வார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் தொடங்கிய வேலை அது. அந்தத் தொழில்நுட்பம் கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு குஷனையும் கையால் தைக்க வேண்டியதாயிற்று. மலிவுக்காகப் பிறந்த யோசனை கடைசியில் விலை உயர்ந்த பொருளாகிவிட்டது.

டென்மார்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபின் யூல் 1941-லேயே 'போயட்' என்ற சிறிய, வளைந்த, இரண்டு பேர் அமரும் சோஃபாவை வரைந்துவிட்டார். நேர்கோடுதான் நவீனம் என்று அமெரிக்காவில் பேசிக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே அங்கே உடம்பின் வளைவை வைத்து யோசித்திருக்கிறார்கள்.

சோஃபாவைச் சுவரோரம்தான் போட வேண்டுமா?

அவசியமில்லை. விளாடிமிர் கேகன் 1950 வாக்கில் வரைந்த 'செர்பன்டைன்' பாம்பு மாதிரி வளைந்திருக்கும். அவரிடம் வந்தவர்களில் பலர் ஓவியம் சேர்ப்பவர்கள், பெரிய பெரிய ஓவியங்களுக்குச் சுவர் முழுவதும் வேண்டும். அதனால் சோஃபாவை நடு அறைக்கு இழுத்தார். நடுவில் போட்டால் பின்பக்கமும் பார்வைக்கு வரும், ஆகவே முதுகையும் அழகாகச் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1957-ல் முடிந்த மில்லர் இல்லத்தில் கட்டடக்கலைஞர் ஈரோ சாரினென் இன்னும் ஒரு படி கீழே போனார். சோஃபாவே இல்லை, தரையில் சதுரப் பள்ளம் தோண்டி அதன் ஓரங்களில் மெத்தை. அலெக்சாண்டர் ஜிரார்ட் அதற்குப் பருவத்துக்கு ஒன்றாக மாற்றும் குஷன் உறைகளைத் தேர்ந்தெடுத்தார். விருந்தாளிகள் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து பேசுவதைப் படத்தில் பார்க்க அருமையாக இருக்கிறது. இருட்டில் நடக்கிறவர்களைப் பற்றி மட்டும் யோசிக்காமல் இருக்க வேண்டும்.

1970-களின் சோஃபாக்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஃபோமின் முழு சுதந்திரம் அந்தச் சில ஆண்டுகளில்தான் தெரிந்தது. அதுவரை ஃபோம் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. இப்போது சட்டமே தேவையா என்று கேட்டார்கள்.

1969-ல் அஃப்ரா, டோபியா ஸ்கார்ப்பா தம்பதி கசினாவுக்காகச் செய்த 'சொரியானா'வைப் பாருங்கள். பெரிய நுரைப் பொதியைத் துணியால் சுற்றி, முன்னால் ஓர் உலோகக் கவ்வியால் இறுக்கியிருப்பார்கள். மூட்டை கட்டினது மாதிரியே இருக்கும். துணியின் மடிப்புகளை மறைக்கவே இல்லை. சுருக்கம் குறை இல்லை என்று சொன்ன முதல் சோஃபாக்களில் ஒன்று. 1970-ல் வடிவமைப்புக்கான இத்தாலியின் கொம்பாசோ தோரோ விருது அதற்குக் கிடைத்தது.

மாரியோ பெல்லினியின் 'கமலியோண்டா' 1970-ல் பிறந்தது. பச்சோந்தி, அலை என்ற இரண்டு இத்தாலியச் சொற்களை ஒட்டி வைத்த பெயர். சதுர இருக்கைகள் தனித்தனி. முதுகையும் கையையும் கம்பிவடம், கொக்கி, வளையம் கொண்டு எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். இன்றைக்கு வரிசையாக, நாளைக்குத் தீவாக, மறுநாள் படுக்கையாக. சோஃபாவை வாங்குகிறவரே அதன் கடைசி வடிவமைப்பாளர் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியோடு உற்பத்தி நின்று, 2020-ல் மீண்டும் தொடங்கியது. புதுப் பதிப்பில் உள்ளடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பலாம்.

அப்புறம் 'டோகோ'. பிரான்ஸின் லின்ய் ரோசே நிறுவனத்துக்காக மிஷேல் டுகாரோய் 1973-ல் வரைந்தது. பற்பசைக் குழாய் தன்மேலேயே மடங்கி, இரு நுனியும் மூடிக்கிடப்பதைப் பார்த்து யோசனை வந்ததாக அவர் சொன்னார். மரம் இல்லை, இரும்பு இல்லை, கால் இல்லை. வெவ்வேறு அடர்த்தியில் ஃபோம், அதன்மேல் சுருக்கம் சுருக்கமாகத் தைத்த உறை. உட்கார்ந்தால் தரைக்கு மிக அருகில் இருப்பீர்கள். நிமிர்ந்து உட்காரவே முடியாது, முழங்கால் மேலே வந்துவிடும். செஸ்டர்ஃபீல்ட் கதையில் பிரபு கேட்டதற்கு இதைவிடத் தெளிவான எதிர்ப்பதம் கிடையாது. பார்த்தவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும், எனக்கும் முதலில் அப்படித்தான். ஆனால் 50 வருடம் தாண்டி இன்னும் தயாரிப்பில் இருக்கிறது.

அதே 1973-ல் விக்கோ மஜிஸ்ட்ரெட்டியின் 'மரலுங்கா'. இது அமைதியான பையன். பார்க்கச் சாதாரண சோஃபா, முதுகின் மேல்பாதியைத் தூக்கினால் தலைக்கு அணையாகும், மடக்கினால் தாழும். உள்ளே இருக்கும் ரகசியம் சைக்கிள் சங்கிலி போன்ற ஒரு சங்கிலி. உட்கார்ந்து பேசவும் சாய்ந்து தூங்கவும் ஒரே பொருள். 1979-ல் இதற்கும் கொம்பாசோ தோரோ கிடைத்தது.

உதடு வடிவ சோஃபா யாருடையது?

இரண்டு இருக்கிறது, குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது 1930-களின் பிற்பகுதியில் சால்வதோர் தாலி, நடிகை மே வெஸ்ட்டின் உதட்டை வைத்து எட்வர்ட் ஜேம்ஸ் என்ற புரவலருக்காக உருவாக்கியது. இரண்டாவது 'பொக்கா', 1970-ல் இத்தாலியின் ஸ்டுடியோ 65 குழு செய்தது. முதலாவது மரச்சட்டம் வைத்த கலைப்பொருள், இரண்டாவது ஃபோமில் செய்து விற்பனைக்கு வந்த சரக்கு. உட்கார இரண்டும் சுமார்தான்.

எல் வடிவ சோஃபா எப்படி எல்லா வீட்டுக்கும் வந்தது?

மூலை சோஃபா பழைய யோசனைதான். ஆனால் ஒரு முனையில் கால் நீட்டும் நீள இருக்கையோடு நாம் இன்று பார்க்கிற வகைக்கு அன்டோனியோ சித்தேரியோ 1986-ல் வரைந்த 'சிட்டி' பெரிய திருப்பம். ஒரே தொகுப்பில் நேர் இருக்கை, சாய்ந்து படுக்கும் இருக்கை, வளைந்த இருக்கை என்று பல துண்டுகள், ஆளுக்கு ஒரு தோரணை. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி உட்கார்வதில்லை என்ற சின்ன உண்மையை அது ஒத்துக்கொண்டது. தொலைக்காட்சி மீதி வேலையைச் செய்தது. எதிரெதிரே உட்கார்ந்து பேசிய அறையில் எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பியபோது, எதிரே இருந்த சோஃபா பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்கு எதிர்த்திசையில் போனது 2006-ல் பூருலெக் சகோதரர்கள் விட்ரா நிறுவனத்துக்காகச் செய்த 'அல்கோவ்'. முதுகும் பக்கங்களும் தலைக்கு மேலே உயர்ந்து, அறைக்குள் ஒரு குட்டி அறையாக நிற்கும். வீட்டுக்கென்று யோசித்தது அலுவலகங்களில்தான் அதிகம் பிடித்துப்போனது. திறந்தவெளி அலுவலகத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடம் யாருக்குத்தான் வேண்டாம்.

சோஃபா கம் பெட் புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள நோல் மாளிகையில் 17-ஆம் நூற்றாண்டு சோஃபா ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்களைத் தாழ்த்திக்கொள்ளலாம். வீட்டுச் சரக்காக அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கில் 1931-ல் தொழில் தொடங்கிய பெர்னார்ட் காஸ்ட்ரோ. 1948-ல் தொலைக்காட்சி விளம்பரத்தில் அவருடைய 4 வயது மகள் தனியாக சோஃபாவை இழுத்துப் படுக்கையாக்கிக் காட்டினாள். குழந்தையே செய்கிறது என்றால் அப்புறம் என்ன விளக்கம் வேண்டும்?

ஃபோமில் ரசாயனம் கலக்கிறார்களாமே?

கலந்தார்கள், சில இடங்களில் இன்னும் கலக்கிறார்கள். பாலியூரித்தேன் எளிதில் தீப்பிடிக்கும், வேகமாகவும் எரியும். கலிஃபோர்னியா 1975-ல் கொண்டுவந்த விதி, உள்ளே இருக்கும் ஃபோம் சிறு சுடரைச் சில விநாடிகள் தாங்க வேண்டும் என்றது. தீத்தடுப்பு ரசாயனம் சேர்ப்பதே சுலப வழியாக இருந்தது. அது பெரிய சந்தை என்பதால் மற்ற மாநிலங்களுக்குப் போன சோஃபாக்களிலும் அதே ஃபோம். பிற்பாடு அந்த ரசாயனங்கள் வீட்டுத் தூசியில் கலந்து உடம்புக்குள் போவது தெரியவந்தது. 2013-ல் விதியைத் திருத்தி, சுடருக்குப் பதில் புகைந்து பற்றும் சோதனையை, உறைத்துணியை முக்கியமாகக் கொண்டு வைத்தார்கள். அதற்கு ரசாயனம் தேவைப்படவில்லை. 2020 முதல் அங்கே புதிய சோஃபாக்களில் அவற்றுக்குக் கடுமையான வரம்பு. பிரிட்டனின் 1988 விதிகள் வேறு மாதிரி, இன்னும் கடுமையானவை. ஆகவே சோஃபாவில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைக் கிழித்து எறியாமல் ஒரு தடவை படியுங்கள்.

பிரபல சோஃபாவின் நகலை வாங்குவது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு வேறு. உதாரணத்துக்கு, பிரிட்டனில் தொழிற்சாலையில் பெருமளவில் செய்த கலைப்படைப்புகளுக்கு 25 ஆண்டுப் பாதுகாப்புதான் இருந்தது. 2016 ஜூலை 28 முதல் அதை நீக்கி, படைத்தவர் மறைந்த பின் 70 ஆண்டுகள் என்று நீட்டினார்கள். நகல் விற்றவர்களுக்குப் பெரிய அடி. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நகலில் மாறிப்போவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஃபோமின் அடர்த்திதான். முதல் வருடம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

சிறிய வீட்டுக்கு எந்த வடிவம் பொருந்தும்?

பெயரைப் பார்க்காமல் மூன்று அளவைப் பாருங்கள். இருக்கையின் ஆழம் 55 செ.மீ. அளவில் இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம். 65 தாண்டினால் காலைத் தூக்கிவைத்துச் சாய்வதற்குத்தான், குட்டையானவர்களுக்கு முதுகுக்குத் திண்டு வேண்டிவரும். உயரம் 45 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் வயதானவர்கள் எழுவது எளிது. டோகோ மாதிரி தாழ்ந்தவற்றில் பாட்டியை உட்கார வைத்துவிட்டு நீங்கள் எங்கேயும் போக முடியாது, எழுப்பிவிட ஆள் வேண்டும். மூன்றாவது வாசல், படிக்கட்டு, லிஃப்ட். இதை அளக்க மறந்துவிட்டுப் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றியவர்கள் நிறைய. தனித்தனித் துண்டுகளாக வரும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. கால் வைத்த சோஃபா தரையைக் காட்டுவதால் அறை அடைசலாகத் தெரியாது, அடியில் பெருக்கவும் வசதி.

பழைய சோஃபாவுக்குப் புது மெத்தை போட்டுப் பயன்படுத்தலாமா?

சட்டம் நன்றாக இருந்தால் தாராளமாக. முன்கால் ஒன்றை ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். அடுத்த முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று சோஃபா முறுக்கிக்கொண்டால் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன. கையால் அழுத்தும்போது உள்ளே பொடிப்பொடியாக நொறுங்குகிற உணர்வு வந்தால் ஃபோம் முடிந்துவிட்டது. பாலியூரித்தேன் வெளிச்சத்திலும் காற்றிலும் மெல்ல மெல்லச் சிதையும், யாரும் உட்காராவிட்டாலும் சிதையும். 1960-களின் ஃபோம் இருக்கைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு இது தீராத தலைவலி. முழுக்க ஃபோமால் ஆன சோஃபா நொறுங்கினால் வடிவமே போய்விடும். குதிரைமுடி அடைத்த செஸ்டர்ஃபீல்டுக்கு அந்தப் பயம் இல்லை. உறையைப் பிரித்து, முடியை உலுக்கிப் பஞ்சு பிரிப்பதுபோல் பிரித்து, மறுபடி அடைத்துப் பொத்தான் கட்டினால் போதும்.